பார்சலம்மா கிளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது

உடைகிற சாமான் எதுவாக இருந்தாலும் அந்தத் தெருக்காரர்கள் போய் நிற்பது ஒரே இடம்தான். மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டிருக்கும் பார்சல் ஆபீஸ். அங்கே மேசைக்குப் பின்னால், பல்லில் டேப்பின் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு மறுமுனையை அட்டைப்பெட்டி மேல் இழுத்துக்கொண்டிருப்பவள்தான் பார்சலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அது தெரியும்.

"உள்ள என்ன? உடையுமா? அங்க யாரு வாங்கிப்பாங்க?" இந்த மூன்றையும் கேட்காமல் அவள் எந்தப் பெட்டியையும் தொடமாட்டாள். தொட்டுவிட்டால் பெட்டிக்கு மறுபேச்சு கிடையாது. கடிகாரத்துக்குள் தொங்கும் ஊசலைக் கைக்குட்டையால் கட்டிப்போட்டு அனுப்பியவள் அவள். "சாமான்னா செத்த மாதிரி கெடக்கணும். ஆடுச்சோ, உடைஞ்சுது" என்பதுதான் அவளுடைய வேதம். அவள் கட்டின பெட்டி உடைந்து திரும்பியதாக இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. இருக்கக்கூடாதா என்ன?

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஊர் மாறிப்போகிறவர்கள் பெட்டி பெட்டியாக எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஒரே ஒரு சாமானை மட்டும் இங்கே யாரிடமாவது விட்டுவைப்பார்கள். ஒரு தையல் மெஷின், இல்லாவிட்டால் கால் ஆடுகிற ஒரு நாற்காலி. அதைப் பார்க்கிற சாக்கில் வருவார்கள், போவார்கள். அந்தக் கடைசிச் சாமானும் என்றைக்கு மேசைக்கு வருகிறதோ, அன்றைக்குப் பார்சலம்மா பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லுவாள்: "போச்சு. இனிமே இவங்க இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டாங்க." அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. ஊரார் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தவள் தன் வீட்டு விஷயத்தில் கோட்டைவிட்டதுதான் இந்தக் கதை.

அவள் வீடு மூன்றாம் மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை. சின்ன அறையில் மாமனாரும் அவருடைய கிளியும் இருந்தார்கள். மாமனார் காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் உடம்பு பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கூடத்தில் நடக்கும்போதுகூட கை மேலே போய்க் கம்பியைத் தேடும். குளியலறையில் பேத்தி நேரமாக்கினால், "எறங்குற ஆளெல்லாம் எறங்குங்கப்பா, பின்னாடி கூட்டம் நிக்குது" என்பார். வேலையில் ஊதிய விசிலை வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து இடுப்பிலேயே வைத்திருப்பார்.

கிளிக்கு அவர் வைத்த பெயர் செக்கிங். வருகிறவர்களை எல்லாம் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மேலும் கீழும் அளந்து பார்க்கும். டிக்கெட் எடுக்காதவன் மாதிரி நாம்தான் நெளிய வேண்டும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், "போலாம் ரைட்!" என்று மாமனாரின் குரலிலேயே ஒரு அதட்டுப் போடும். பார்சலம்மா கையால் ஒரு பருக்கை வாங்கித் தின்னாது. அவளுக்கும் அதன்மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை. உமியைக் கூட்டி அள்ளுகிறவள் அவள்தானே.

மகள் வளர்ந்தாள். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு படித்தாள். அவளுக்கு ஒரு அறை வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். தொலைவில் இன்னொரு நகரத்தில் மாமனாரின் மூத்த மகன் வீட்டில் ஒரு அறை சும்மா பூட்டிக் கிடந்ததும் உண்மைதான். பார்சலம்மா இந்த இரண்டு உண்மையையும் சேர்த்துக் கட்டி, கணவன் காதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் பூராவும் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சத்தமில்லாமல் இருந்தால் போதும். தலையாட்டிவிட்டார்.

ஆனால் பெரியவரிடம் அதை யார் சொல்வது? அவள்தான் சொன்னாள். சொன்னாளா? பூசி மெழுகினாள்.

"மாமா, உங்க பெரிய மகன் வீட்ல உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க. ஒரு பத்து நாள் இருந்துட்டு வாங்களேன்."

"பத்து நாளா?"

"பத்து நாள்தான் மாமா."

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். கிளி பார்க்குமே, அதே மாதிரி. பிறகு, "செக்கிங்கு?" என்றார்.

"பத்து நாளுக்காக அதையும் எதுக்கு அலைக்கழிக்கணும்? நான் பாத்துக்கறேன் மாமா."

"அதுவும் சரிதான். அது இங்கயே இருக்கட்டும்."

மறுநாளே அனுப்பிவிட்டாள். எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று பயம். தன் மனசு மாறிவிடுமோ என்று அதைவிடப் பயம். கைக்குக் கிடைத்த சட்டை வேட்டியை ஒரு பையில் திணித்தாள். பஸ்ஸில் கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலே இருந்த இடம்தான் மீதியிருந்தது. "காலம் பூரா பஸ்ல நின்னுட்டே வந்தேன். கடைசி சீட்டு எப்படித் தூக்கிப் போடும்னு தெரியாமலே போயிடுமோன்னு இருந்தேன்" என்று சிரித்தார் பெரியவர். துணைக்கு யாரும் போகவில்லை. கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் வாயெடுத்தபோது அவரே, "சாவி இருக்கட்டும்மா. நான் திரும்பி வர்ற நேரம் நீ ஆபீஸ்ல இருந்தா?" என்றார். "இருக்கட்டும் மாமா" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

பத்து நாள் போயிற்று. மழை வந்து போயிற்று. வெயிலும் வந்துவிட்டது. சின்ன அறையில் மகளுக்கு மேசை போட்டாகிவிட்டது. பெரியவர் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார். செக்கிங் சாப்பிட்டதா, குளித்ததா என்று கேட்பார். "எப்ப வரட்டும்?" என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? போனை வைத்ததும் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ போல இருக்கும். பாத்திரம் தேய்த்துச் சரிபண்ணிக்கொள்வாள்.

கிளி பேச்சை நிறுத்திவிட்டது. கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் வாய் திறக்கவில்லை. பிறகு தன் இறகைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. மார்பில் தோல் தெரிந்தது. ஒருநாள் காலையில் கூண்டுக்கு அடியில் பச்சை இறகு குப்பையாகக் கிடந்ததைப் பார்த்து மகள் அழுதாள். அன்றைக்குத்தான் கூண்டைத் தூக்கிக்கொண்டு பறவை வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் ஓடினாள் பார்சலம்மா.

டாக்டர் பெரிய மீசைக்காரர். குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசு. கிளியைக் கையில் பிடித்து, திருப்பி, ஊதிப் பார்த்தார்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல. இது யாரோட கிளி?"

"எங்க மாமனாரோடது."

"அவர் எங்க?"

"வெளியூர்ல."

"எப்ப வருவாரு?"

பார்சலம்மா மேசைமேல் இருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்தாள். டாக்டரே சொன்னார்: "ஒண்ணு, அவர் இங்க வரணும். இல்ல, இது அங்க போகணும். இல்லாட்டி இது இப்படியே பிடுங்கிப் பிடுங்கிப் போயிடும்."

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். கணவன் தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "அப்பாவைக் கூப்பிட்டுக்கலாமா?" என்றார். வருஷத்தில் ஒரு தடவை வாய் திறக்கிறவர் கேட்டுவிட்டார். அவள் அறைக்குள் போட்ட புது மேசையைப் பார்த்தாள். மகள் தலையைத் தூக்கவில்லை.

"அவருக்குக் கிளிதானே வேணும்? கொண்டுபோய்க் குடுத்துட்டா அங்கயே மனசு ஒட்டிக்கும்" என்றாள் பார்சலம்மா. சொன்ன வேகத்திலேயே அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுக்கவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் வேனிலேயே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பார்சலம்மா களத்தில் இறங்கினாள். ஆபீஸிலிருந்து கெட்டி அட்டையும் நுரைப் பஞ்சும் கொண்டுவந்து, கிளியின் அளவுக்கு அளவெடுத்து ஒரு பெட்டி செய்தாள். நாலு பக்கமும் மெத்து. கிளி இந்தண்டை அந்தண்டை திரும்ப முடியாது. டாக்டரிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இது கண்ணாடி டம்ளருக்கும்மா. இது உயிர். ஆடும். ஆடினாத்தான் நிக்கும். பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பு குடுங்க, வண்டி எப்படிப் போனாலும் அதுவே சமாளிச்சுக்கும்" என்றார். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவளுக்கு ஒவ்வொரு இடத்திலும் சுருக்சுருக்கென்றது.

"திடீர்னு தூக்கிட்டுப் போயிடாதீங்க. கொஞ்ச நாள் முன்னாடியே பெட்டியைக் கூண்டுக்குப் பக்கத்துல வச்சுப் பழக்குங்க. தானா உள்ள போய் வரட்டும்" என்றார். அவள் மாமனாரை மறுநாளே அனுப்பியவள். "அது உக்காந்து பழகின கம்பையே பெட்டிக்குள்ள வைங்க. பழகின பொருள் ஒண்ணு கூட இருந்தா பயப்படாது" என்றார். அந்தச் சின்ன அறையில் பெரியவரின் தலையணை இன்னும் கிடக்கிறது. அதைக்கூட அவள் கொடுத்தனுப்பவில்லை. "குலுங்குற இடத்துல வைக்காதீங்க, முன்பக்கம் வைங்க. பெல்ட் போட்டுக் கட்டுங்க. மூணு பக்கம் துணியால மூடி, ஒரு பக்கம் மட்டும் திறந்து வைங்க. அந்தப் பக்கம் தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கணும். தனியா மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார் டாக்டர்.

"சரிங்க" என்றாள் பார்சலம்மா. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சிந்தி நனைந்துவிடும், வெள்ளரித் துண்டு கொடுத்தால் போதும் என்றெல்லாம் அவர் சொன்னதும் காதில் விழுந்தது. வெளியே வரும்போது டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "வயசான கிளி. இவ்ளோ தூரம் ஒரு தடவைதான் தாங்கும். திரும்பவும் அலைக்கழிக்காதீங்க."

சொன்னதை அப்படியே செய்தாள். கம்பிப் பெட்டி ஒன்றை வாங்கி, கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளரித் துண்டை உள்ளே போட்டுப் போட்டுப் பழக்கினாள். ஆபீஸ் விட்டு வந்ததும் அதற்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசுவாள். முதலில் முதுகைக் காட்டிய கிளி, பிறகு பக்கவாட்டில் பார்த்தது. ஒருநாள் அவள் விரலிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கிளிக்காக இத்தனை நாள் பொறுமையாக உட்கார முடிந்த நம்மால், அந்த மனுஷனுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தாள்.

விடுமுறை வந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். காலி வேனில் பிள்ளைகள் ஒட்டிய பொம்மைப் படங்களும் பிஸ்கட் வாசனையும். ஓட்டுநருக்குப் பின்னால், முதல் வரிசையில் பெட்டி. பெல்ட் போட்டு, துணி போர்த்தி, பழைய கம்பு வைத்து. திறந்த பக்கத்துக்கு நேரே பார்சலம்மாவின் முகம். கணவன் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் போல ஓட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, திட்டி, முந்திப்போனான்.

அந்த ஹாரனில் கிளி அரண்டுவிட்டது. சிறகை அடித்துக்கொண்டு பெட்டியின் கம்பியில் மோதியது. பார்சலம்மா முகத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம்தான். ஒரு பத்து நிமிஷம்தான், போயிடலாம்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெயில் இன்னும் ஏறவே இல்லை. போய்ச் சேர இன்னும் முழுப் பகல் பாக்கி. ஒரு வாயில்லா ஜீவனிடம்கூடப் பொய்தானா? பத்து என்பது என் வாயில் ஏன் இத்தனை சுலபமாக வருகிறது? கிளி மெல்ல அடங்கிக் கம்பைப் பிடித்துக்கொண்டது. அதன் மார்பு படபடவென்று அடித்தது. அவளுடையதும்தான்.

"இல்லடா," என்றாள் பிறகு, தணிந்த குரலில். "ரொம்ப தூரம் இருக்கு. பொழுது சாயணும். ஆனா நான் இங்கயே இருக்கேன்."

மதியம் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். கிளியைத் தனியே விட முடியாதென்று, கணவன் கடையில் வாங்கி வந்த சாப்பாட்டை உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டவள் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"ஏங்க, மாமாவை எந்த சீட்ல உக்கார வச்சு அனுப்பினேன் தெரியுமா?"

"கடைசி சீட்டு."

"தெரியுமா உங்களுக்கு?"

"நான்தானே பஸ் ஏத்திவிட்டேன்" என்றார் அவர். அவருக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"மாமாவைக் கூட்டிட்டு வந்துடுவோம்ங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நெசமாவா?"

"கூடத்துல ஒரு தடுப்புப் போட்டுடலாம். நம்ம ரூமைக் குட்டிக்குக் குடுத்துட்டு நாம கூடத்துல படுத்துக்குவோம். என்ன இப்போ? எத்தனையோ பேர் படுக்கலையா?"

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், சாவியைத் திருகப் போய், நின்று, திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, அப்பாவைக் கூட்டிட்டு வர்றதுன்னா, கிளியை எதுக்குக் கொண்டு போறோம்?"

"பாதி வழிக்கு மேல வந்த பிறகு கேளுங்க! வீட்லயே கேட்டிருந்தா என்னவாம்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நிஜமாகவே பாதி தாண்டியிருந்தது. திரும்பினாலும் அதே தூரம்தான். கொண்டுபோய்க் காட்டி, நாலு நாள் ஓய்வு கொடுத்து, இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டி வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் கடைசியாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. நாலு நாள் ஓய்வு கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று அதை ஓரமாகத் தள்ளினாள். மீதி வழியெல்லாம் எந்த மூலையில் எந்தக் கட்டில் என்று கிளியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பல மாதத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். உயரமான கட்டடம், லிஃப்ட், வழவழவென்ற தரை. கதவைத் திறந்தது ஓரகத்தி. அவள் நல்லவள்தான், உரக்கப் பேசினால் தரை அழுக்காகிவிடும் என்பதுபோல மெதுவாகப் பேசுவாள்.

"வா வா. எப்படிம்மா இவ்ளோ தூரம் கொண்டு வந்தே?" என்றவள், குரலை இன்னும் தணித்தாள். "நல்லவேளை வந்தே. உன் மாமாவுக்கு ஒரு அலமாரி முழுக்க ஒழிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு துணி அதுல வைக்கமாட்டேங்கறார். வந்த அன்னைக்குக் கொண்டுவந்த பையிலருந்தே எடுத்துக் கட்டறார், துவைச்சு மறுபடி பைக்குள்ளயே வைக்கறார். கேட்டா, 'போகப்போறவனுக்கு அலமாரி எதுக்கும்மா'ங்கறார்."

பார்சலம்மா பெட்டியைத் தரையில் வைத்தாள். அதுவும் நல்லதுக்குத்தான், பை தயாராக இருக்கிறது, தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"செக்கிங்!"

பார்சலம்மா துணியை எடுத்து, பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். இழுக்கக்கூடாது, தானாக வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளி எட்டிப்பார்த்தது. பெரியவர் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அது ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து, விரலில் ஏறி, கையில் ஏறி, தோளில் போய் உட்கார்ந்து, அவர் காதைக் கொத்திற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்சலம்மாவின் கணவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மாரெல்லாம் என்னடா ஆச்சு?... சரி சரி, முளைச்சுடும்" என்று அதன் மொட்டை மார்பைத் தடவினார் பெரியவர். பிறகு மருமகளைப் பார்த்து, "எப்படிம்மா கொண்டு வந்தே?" என்றார்.

கேட்டதுதான் தாமதம், பார்சலம்மா கொட்டித் தீர்த்தாள். பெட்டியைப் பழக்கியதை, பழைய கம்பை, வெள்ளரித் துண்டை, லாரி ஹாரனை. தொழில்காரி இல்லையா, வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் நிற்காது. "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார் மாமா, வயசான கிளி, ஒரு தடவைதான் தாங்கும்னு. அதனால ஒரு எறும்புகூடக் கடிக்காம கொண்டுவந்து சேத்துட்டேன்!"

"இவ்ளோ யோசிச்சுப் பண்ணியிருக்கியேம்மா" என்றார் அவர். மனசாரச் சொன்னார். தோளில் இருந்த கிளியை ஒரு தடவை பார்த்தார். காலிப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். "அப்ப இதுவும் வந்தாச்சு" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குப் போனார்.

காபி வந்தது, குடித்தார்கள். அறைக்குள்ளிருந்து அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பார்சலம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். கட்டில்மேல் அந்தப் பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பெரியவர் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, மடிப்பை நீவி, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! கடைசிச் சாமான் வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவள் அவள்தானே. அவரிடம் கிளியைக் கொண்டுவந்து வைத்தால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

"மாமா, எடுத்து வைக்காதீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் மாமா வந்தோம். ரெண்டு பேரையும்."

அவர் கையிலிருந்த சட்டையோடு திரும்பினார். கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

"எப்படிம்மா? ஒரு தடவைதான் தாங்கும்னு இப்பத்தானே சொன்னே. இது பாவம். மறுபடியும் இவ்ளோ தூரமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

தன் வாயாலேயே பெருமையடித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"மாமா," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பத்து நாள்னு சொன்னேனே, அப்பவே எனக்குத் தெரியும். பொய்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்மா."

"தெரியுமா?"

"எத்தனை வருஷம் முகத்தைப் பாத்து டிக்கெட் குடுத்திருக்கேன். எங்க எறங்கப்போறான்னு ஏறும்போதே தெரிஞ்சுடும்." சட்டையை வைத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அதனாலதான் இதை அங்க விட்டுட்டு வந்தேன். இதுவும் வந்தாத்தான் போவேன்னு அடம் பிடிச்சிருக்கலாம் இல்ல? இது அங்க இருந்தா, இதுக்காகவாவது என்னைக்காவது ஒருநாள் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

பார்சலம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடத்திலிருந்து அவள் கணவன் கதவு வரை வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"அழாதம்மா. நீ நல்லாத்தான் கொண்டுவந்து சேத்திருக்கே. பிள்ளைக்கு ரூம் வேணும்தானே? நல்லாப் படிக்கச் சொல்லு."

பையில் இருந்த கடைசி வேட்டியையும் எடுத்தார். பிறகு இடுப்பில் துழாவி, சாவி வளையத்தை எடுத்தார். நகத்தால் வளையத்தை விரித்து, சாவியைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இனிமே எனக்கெதுக்கு? நீ வச்சுக்கோ. அந்தப் பூட்டு மக்கர் பண்ணும், லேசாத் தூக்கித் திருப்பணும்."

அவர் எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் தோளிலிருந்த கிளி தலையைத் தூக்கியது. இத்தனை மாதம் வாய் திறக்காதது, அந்த அறையே அதிர ஒரு அதட்டுப் போட்டது.

"போலாம் ரைட்!"

"எங்கடா போறது?" என்றார் பெரியவர், அதன் தலையை ஒற்றை விரலால் நீவிக்கொண்டே. "வந்தாச்சுடா. எறங்கியாச்சு."

சாவி பார்சலம்மாவின் கையில் இருந்தது. விசிலை மட்டும் அவர் இடுப்பில் செருகிக்கொண்டார்.